சாந்தோம் கடற்கரையும் நிலநடுக்கக் கல்வியும்: பதிவிலிருந்து பாடத்திற்கு (1881–2018)

ஆய்வுச் சுருக்கம்

2004 டிசம்பர் 26 அன்று சென்னையில் நில அதிர்வு உணரப்பட்டதற்கும் கடல் அலை கரையேறியதற்கும் இடையே ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் இருந்தது. கடலடி நிலநடுக்கம் கடலை எழச் செய்யும் என்பதற்கான சான்று சென்னைத் துறைமுகத்தின் கருவியில் 1881ஆம் ஆண்டிலேயே பதிவாகியிருந்தது. அப்பதிவு ஆவணமாயிற்று, ஆய்வுப் பொருளுமாயிற்று, கடற்கரை மக்களுக்கான பாடமாக மட்டும் ஆகவில்லை. சாந்தோம் கடற்கரைப் பகுதியை மையமாகக் கொண்டு, நிலநடுக்கம் பற்றிய அறிவு எவ்வாறு பதிவு செய்யப்பட்டது, யாருக்குக் கற்பிக்கப்பட்டது, யாரைச் சென்றடையவில்லை என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. 2004க்குப் பிந்தைய கல்வி கடலை மட்டும் முன்னிறுத்தியதால், கட்டடம் சார்ந்த இடர் பற்றிய கல்வி பின்தங்கியது என்பதையும் இது எடுத்துரைக்கிறது.

திறவுச் சொற்கள்: சாந்தோம், நிலநடுக்கம், ஆழிப்பேரலை, கடல்கோள், ஓத அளவி, பேரிடர்க் கல்வி, நிலநடுக்க மண்டலம்.

முன்னுரை

சென்னையின் தென்கிழக்குக் கடற்கரையில், மயிலாப்பூருக்குக் கிழக்கே அமைந்துள்ளது சாந்தோம். வடக்கே நொச்சிக்குப்பமும் டுமிங்குப்பமும், தெற்கே பட்டினப்பாக்கமும் அடையாற்று முகத்துவாரத்தை ஒட்டிய சீனிவாசபுரமும் இதனோடு தொடர்ந்து வரும் குடியிருப்புகள். பேராலயம், பள்ளிகள், அடுக்குமாடி வீடுகள், மீனவர் குப்பங்கள், வாரியக் குடியிருப்புகள் ஆகியவை ஒரு சில கிலோமீட்டர் நீளத்திற்குள் நெருங்கி நிற்கும் பகுதி இது. அடியில் இருப்பது கடலும் ஆறும் கொண்டுவந்து சேர்த்த மணல். கிண்டி, பரங்கிமலை ஆகிய இடங்களில் மேலெழுந்து தெரியும் கடினப் பாறை இங்கு மண்ணுக்கு அடியில் மறைந்துவிடுகிறது.

இத்தகைய இடத்திற்கு நிலநடுக்கம் இரண்டு வழிகளில் இடர் விளைவிக்கக்கூடும். தொலைவில் கடலடியில் நிகழும் பெரும் நடுக்கம், இங்கு மெல்லிய அசைவாக உணரப்பட்டு, பின்னர்க் கடலை அனுப்பலாம். அருகில் நிகழும் நடுத்தர நடுக்கம், கடலைத் தொடாமல் கட்டடங்களைத் தாக்கலாம். முதலாவதற்கு உரிய பாதுகாப்பு கரையை விட்டு அகல்வது. இரண்டாவதற்கு உரியது, முன்கூட்டியே கட்டடத்தைச் சரியாகக் கட்டுவது. இவ்விரண்டையும் பிரித்தறியும் அறிவு சாந்தோம் மக்களுக்கு எப்போது, எவ்வழியாகக் கிடைத்தது என்பதே இக்கட்டுரையின் வினா.

தமிழகத்தில் நிலநடுக்கம் குறித்த எழுத்துகள் பெரும்பாலும் புவியியல் நோக்கிலோ பொறியியல் நோக்கிலோ அமைந்தவை. ஆழிப்பேரலை குறித்த எழுத்துகள் துயரத்தையும் மறுவாழ்வையும் மையப்படுத்தின. அறிவு கைமாறிய வரலாறு என்ற கோணம் இவ்விரண்டுக்கும் இடையே விடுபட்டு நிற்கிறது.

மரபறிவில் கடலும் நிலமும்

கடல் நிலத்தை விழுங்கும் என்ற எண்ணம் தமிழ் மரபுக்குப் புதிதன்று. பஃறுளி ஆற்றையும் குமரிக் கோட்டையும் கடல் கொண்ட செய்தியைச் சிலப்பதிகாரம் பேசுகிறது. சங்கங்கள் இருந்த நகரங்கள் கடலுள் மறைந்ததை இறையனார் களவியல் உரை கூறுகிறது. புகார் நகரம் கடலால் அழிந்ததை மணிமேகலை விவரிக்கிறது. 'கடல்கோள்' என்ற சொல்லே இந்நினைவைத் தாங்கி நிற்கிறது.

எனினும் இக்குறிப்புகளில் கடலே செயல்படு பொருளாக இருக்கிறது. மணிமேகலையில் புகாரின் அழிவுக்குக் காரணமாகச் சொல்லப்படுவது இந்திர விழா நிறுத்தப்பட்டதும் அதன் விளைவான சாபமும் ஆகும். நிலம் அதிர்ந்ததால் கடல் எழுந்தது என்ற காரண காரியத் தொடர்பு அங்கே முன்வைக்கப்படவில்லை. நிலநடுக்கம், பூகம்பம் என்ற சொற்கள் ஒருபுறமும் கடல்கோள் என்ற சொல் மறுபுறமும் தனித்தனி நிகழ்வுகளைக் குறித்தன. இரண்டையும் இணைக்கும் ஒரு சொல் தமிழில் புழக்கத்தில் இல்லை.

சாந்தோமுக்கும் மயிலாப்பூருக்கும் உரிய மரபுகளும் இவ்வகையினவே. இன்றைய கபாலீசுவரர் கோயிலுக்கு முந்தைய கோயில் கடற்கரையில் இருந்தது என்பதும், அது கடலால் கொள்ளப்பட்டது என்பதும் மக்கள் வழக்கு. போர்த்துகீசியர் காலத்தில் அழிந்து பின்னர் உள்ளே இடம்பெயர்ந்தது என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. மறுபுறம், புனித தோமையார் கடலிலிருந்து இழுத்து வந்த மரத்தூணைக் கரையில் நட்டு, கடல் இதைத் தாண்டாது என்று உறுதியளித்தார் என்பது கிறித்தவ மரபு. 2004இல் பேராலயத்தினுள் நீர் புகாதபோது இம்மரபு மீண்டும் பரவலாகப் பேசப்பட்டது. ஆலயம் கரையிலிருந்து சற்று உள்ளடங்கி, மேடான நிலத்தில் நிற்கிறது என்ற விளக்கமும் அதே நேரத்தில் தரப்பட்டது.

நம்பிக்கையை மெய்ப்பிப்பதோ மறுப்பதோ இக்கட்டுரையின் நோக்கமன்று. கடல் எல்லை மீறும் என்ற அச்சமும், அதற்கு ஓர் எல்லை வேண்டும் என்ற விழைவும் இவ்வூரின் நினைவில் நெடுங்காலமாக உள்ளன என்பதே இங்குக் கருதத்தக்கது. மீனவர் அறிவும் இத்தகைய ஆழம் உடையது. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் எனக் காற்றின் திசையையும் பருவத்தையும் அவர்கள் பெயரிட்டு அறிந்திருந்தனர். புயல் ஆண்டுதோறும் வருவது; ஆகவே அது தந்தையிடமிருந்து மகனுக்குக் கற்பிக்கப்பட்டது. பல தலைமுறைக்கு ஒருமுறை வரும் நிகழ்வை அனுபவத்தால் மட்டும் கற்பிக்க இயலாது.

1881, 1883: கருவி கண்ட கடல்

சென்னை நகரத்தில் நில அதிர்வு உணரப்பட்டதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதலே குறிப்புகள் உள்ளன. 1807, 1816 ஆகிய ஆண்டுகளின் சிறு அதிர்வுகள் நிலநடுக்க அட்டவணைகளில் இடம்பெற்றுள்ளன. இந்திய நிலநடுக்கங்கள் குறித்த நீண்ட ஆய்வுரையைப் பேர்டு ஸ்மித் 1843இல் வெளியிட்டார். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் முதல் தலைவரான தாமஸ் ஓல்டாம் தொகுத்த இந்திய நிலநடுக்க அட்டவணை, அவருடைய மகன் ரிச்சர்டு டிக்சன் ஓல்டாமால் பதிப்பிக்கப்பட்டு 1883இல் வெளிவந்தது. இவை யாவும் ஆங்கிலத்தில், அதிகாரிகளுக்கும் கற்றறிந்தோர் கழகங்களுக்கும் உரியனவாக அமைந்தன.

இவ்வரலாற்றில் திருப்புமுனையாக அமைந்தது 1881 டிசம்பர் 31 காலையில் நிக்கோபார்த் தீவுகளுக்கு அருகே நிகழ்ந்த நிலநடுக்கம். அதன் அதிர்வு இந்தியாவின் கிழக்குக் கரையில் பரவலாக உணரப்பட்டது. அதற்குச் சிறிது காலத்திற்கு முன்னரே இந்திய நில அளவைத்துறை வங்கக் கடலின் துறைமுகங்களில் ஓத அளவிகளை நிறுவத் தொடங்கியிருந்தது. ஓத அளவி என்பது கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கத்தை உருளையில் சுற்றிய தாளில் இடைவிடாமல் கோடாக வரையும் கருவி. கப்பல் போக்குவரத்துக்காகவும் நில உயரங்களைக் கணக்கிடுவதற்கான அடிப்படைக் கடல்மட்டத்தை அறிவதற்காகவும் அது வைக்கப்பட்டது. நிலநடுக்கத்தை அறிவது அதன் வேலையன்று.

ஆயினும் அன்று சென்னையிலும் பிற துறைமுகங்களிலும் ஓதத்தின் சீரான கோட்டின்மேல் வேறோர் அலைவு வரையப்பட்டது. நில அளவைத்துறையைச் சேர்ந்த ரோஜர்ஸ் இவ்வரைபடங்களைத் தொகுத்து அறிக்கை எழுதினார். ஆர். டி. ஓல்டாம் 1884இல் இந்நிலநடுக்கம் பற்றித் தனிக் குறிப்பு வெளியிட்டார். தலைமை நில அளவையாளராக இருந்த வாக்கர், இந்தியக் கரைகளில் நிலநடுக்கம் ஓதத்தைக் குலைத்த விதம் பற்றி அதே ஆண்டு 'நேச்சர்' இதழில் எழுதினார். கடலடி நடுக்கமும் சென்னைக் கடலின் எழுச்சியும் ஒரே நிகழ்வின் இரு பகுதிகள் என்பது, ஆக, 1884க்குள் அச்சில் ஏறிவிட்டது.

இதற்கிடையே 1883 ஆகஸ்டு 27 அன்று கிரக்கதோவா எரிமலை வெடித்தபோது எழுந்த அலைகளும் சென்னை, நாகப்பட்டினம் உள்ளிட்ட துறைமுகங்களின் கருவிகளில் பதிவாயின. இலண்டன் ராயல் கழகம் 1888இல் வெளியிட்ட பெரும் அறிக்கையில் அவை சேர்க்கப்பட்டன. இரண்டே ஆண்டுகளுக்குள் இருமுறை, தொலைதூரப் புவி நிகழ்வு ஒன்று சென்னைக் கரையின் நீர்மட்டத்தை மாற்றும் என்பது கருவியால் உறுதியாயிற்று.

பதிவும் நினைவும்

1881இல் எழுந்த அலையின் உயரம் வங்கக் கடலின் அளவிகளில் ஒரு மீட்டருக்கும் குறைவு. கரையில் அழிவு ஏற்படவில்லை. அழிவு இல்லாததால் ஒப்பாரி இல்லை, கதை இல்லை, நினைவுச் சின்னம் இல்லை. கருவி கண்டதை மக்கள் காணவில்லை.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு சுமத்திராவுக்கு மேற்கேயுள்ள சிமுலுவே தீவு. 1907இல் அங்கு நிகழ்ந்த நிலநடுக்கமும் அதனைத் தொடர்ந்த அலையும் பெரும் உயிர்ச்சேதம் விளைவித்தன. அத்தீவில் அறிவியல் கருவி இல்லை. ஆனால் 'ஸ்மோங்' என்ற சொல் பிறந்தது. நிலம் வலுவாக ஆடி, கடல் உள்வாங்கினால், மேட்டுக்கு ஓடு என்பதே அச்சொல்லின் பொருள். தாலாட்டிலும் கதையிலும் அது பேரக் குழந்தைகளுக்குச் சொல்லப்பட்டது. 2004இல் நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்தும், எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட அத்தீவு மக்களுள் ஏறத்தாழ ஏழு பேர் மட்டுமே இறந்தனர்.

இவ்வொப்பீடு ஒரு பொதுவான முடிவுக்கு இட்டுச் செல்கிறது. அழிவைத் தந்த நிகழ்வு தானாகவே வாய்மொழிப் பாடமாகிறது. தீங்கின்றிக் கடந்த நிகழ்வு கருவிப் பதிவாக மட்டும் எஞ்சுகிறது. அதைப் பாடமாக்கும் கடமை நிறுவனங்களைச் சேர்கிறது. சென்னையில் நிறுவனங்கள் இருந்தன. கோடைக்கானலில் மில்ன் வகை நிலநடுக்கப் பதிவுக்கருவி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நிறுவப்பட்டது. சென்னை வானாய்வகத்தின் பணியும் 1899இல் அங்கு மாற்றப்பட்டது. காமராசர் சாலையில் மாநிலக் கல்லூரி மாணவர் புவியியலைப் பாடமாகப் பயின்றனர். ஆர். டி. ஓல்டாம் நிலநடுக்க அலைகளை வகைப்படுத்தியதையும், 1906இல் புவிக்கு உட்கருவம் உண்டென அவற்றால் நிறுவியதையும் உலகெங்கும் மாணவர் கற்கின்றனர். அதே ஓல்டாம் ஆராய்ந்த 1881ஆம் ஆண்டின் வங்கக் கடல் நடுக்கம் அத்தகைய பாடப்புகழ் பெறவில்லை.

அப்பதிவு முற்றிலும் மறக்கப்பட்டது என்பதும் சரியன்று. மொடெஸ்டோ ஆர்ட்டிஸ், ரோஜர் பில்ஹாம் ஆகியோர் ஓத அளவிகளின் பழைய வரைபடங்களை மீண்டும் ஆய்ந்து, 1881 நடுக்கத்தின் அளவு 7.9 என மதிப்பிட்டு 2003இல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டனர். அடுத்த ஆண்டின் இறுதியில் அதே கடலடிப் புவித்தட்டு எல்லையில் பெரும் பிளவு நேர்ந்தது. ஆய்விதழுக்கும் கரைக்கும் இடையிலான தொலைவை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை.

2004: இரண்டரை மணி நேரம்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரப்படி காலை 6.29 மணியளவில் சுமத்திராவின் வடமேற்குக் கரைக்கு அப்பால் 9.1 அளவிலான நிலநடுக்கம் தொடங்கியது. இந்தியப் புவித்தட்டு பர்மா தட்டுக்கு அடியில் அமிழும் எல்லையில், அந்தமான் நோக்கி ஏறத்தாழ 1,300 கி.மீ. நீளத்துக்குப் பிளவு பரவியது. கடற்றரை மேலெழுந்ததால் அதன்மேல் இருந்த நீர்த்திரளும் எழுந்தது.

நடுக்க மையத்திலிருந்து சென்னை ஏறத்தாழ 2,000 கி.மீ. தொலைவில் உள்ளது. இருந்தும் நகரின் பல பகுதிகளில் அதிர்வு உணரப்பட்டது. மாடிக் குடியிருப்புகளில் இருந்தோர் கீழே இறங்கி வந்தனர். அசைவு நின்றது, கட்டடங்கள் நின்றன, மக்கள் வீடு திரும்பினர். நிலநடுக்கம் முடிந்துவிட்டது என்பதே அன்றைய பொதுப் புரிதல். ஆழ்கடலில் வானூர்தியின் வேகத்தை ஒத்த விரைவுடன் வந்த அலை, காலை 9 மணியளவில் கரையை அடைந்தது. மெரினாவில் நடைப்பயிற்சிக்கு வந்தோரும், மணலில் விளையாடிய சிறுவர்களும், வலை சீர்செய்துகொண்டிருந்த மீனவரும், மீன் விற்ற பெண்களும் அப்போது கரையில் இருந்தனர். சாந்தோமுக்குத் தெற்கே சீனிவாசபுரமும் பட்டினப்பாக்கமும் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. சென்னையில் மட்டும் 200க்கும் மேற்பட்டோரும், தமிழகம் முழுவதும் ஏறத்தாழ 8,000 பேரும் உயிரிழந்தனர்.

அன்று இந்தியப் பெருங்கடலுக்கு எச்சரிக்கை அமைப்பு இல்லை. பசிபிக் கடலுக்கு அத்தகைய மையம் 1949 முதல் இயங்கி வந்தது. எச்சரிக்கை இல்லாமையே உயிரிழப்புக்குக் காரணம் என்ற விளக்கம் அதன்பின் நிலைபெற்றது. அது உண்மையே, ஆனால் முழுமையன்று. சென்னையில் நிலமே ஓர் எச்சரிக்கையைத் தந்திருந்தது. அதைப் படிக்கும் எழுத்தறிவு மட்டும் இல்லை. அதிர்வை உணர்ந்த பல்லாயிரவருள் ஒரு பகுதியினரேனும் 'நிலம் நெடுநேரம் ஆடினால் கரையைக் காலி செய்' என்ற ஒற்றை வரியை அறிந்திருந்தால், அவ்விரண்டரை மணி நேரம் பயன்பட்டிருக்கும்.

மொழியின் நிலையும் இதையே காட்டுகிறது. அன்று மாலைக்குள் 'சுனாமி' என்ற சப்பானியச் சொல் தமிழின் அன்றாடச் சொல்லாயிற்று. பின்னர் 'ஆழிப்பேரலை' என்ற ஆக்கமும் எழுத்து வழக்கில் இடம்பெற்றது. கருத்து இல்லாத இடத்தில் சொல் இல்லை. சொல் வந்தபோது அது இறப்பின் பெயராகவே வந்தது.

பாடம் எதற்காக? எச்சரிக்கையும் இடப்பெயர்வும்

2004க்குப் பிந்தைய நிறுவன மாற்றங்கள் விரைவாக நிகழ்ந்தன. பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005இல் இயற்றப்பட்டது. ஐதராபாத்தில் இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையத்தின் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் 2007 அக்டோபரில் தொடங்கப்பட்டது. கடலடி அழுத்தத்தை அளக்கும் மிதவைகளை அமைப்பதில் சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் பங்காற்றியது.

இடர் பற்றிய அறிவு இன்னொரு பயனுக்கும் எடுத்துக்கொள்ளப்பட்டது. 2005 மார்ச் 30ஆம் நாளிட்ட தமிழக அரசாணை எண் 172, உயர் ஓதக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு சேதமடைந்தோர் அதற்கு அப்பால் செல்ல விரும்பினால் இலவச வீடு பெறலாம் என்றது. இடம்பெயர விரும்பாதோர் பழைய இடத்திலேயே தம் செலவில் வீட்டைச் சீரமைத்துக்கொள்ளலாம். அரசின் உதவி கிடைக்காது. சென்னைக் கடற்கரைக் குடும்பங்கள் பல, சாந்தோமிலிருந்து ஏறத்தாழ 20 கி.மீ. தெற்கேயுள்ள செம்மஞ்சேரி போன்ற இடங்களுக்கு அனுப்பப்பட்டன.

விடியற்காலையில் கடலின் நிறத்தையும் காற்றையும் பார்த்துப் படகு தள்ளும் தொழிலுக்குக் கரை என்பது பணியிடம். உள்நாட்டில் கட்டிய வீடு அலையிலிருந்து காத்தாலும் வாழ்வாதாரத்திலிருந்தும் பிரிக்கும். கடற்கரையின் இடர் என்ற ஒரே பாடம், சாலையின் ஒருபுறம் வாழ்வோருக்கு வெளியேறும் காரணமாகவும், மறுபுறம் அடுக்குமாடிகளில் வாழ்வோருக்குப் பொது அறிவாகவும் அமைந்தது. பேரிடர்க் கல்வி நடுநிலையான பாடப்பொருள் என்று கொள்ளுமுன், அது யாரிடம் எதைக் கேட்கிறது என்பதை ஆய்வாளர் வினவ வேண்டியுள்ளது. வெளியேறும் வழி, உயர்ந்த புகலிடம், காலை வேளையிலும் ஒலிக்கும் எச்சரிக்கை ஆகியவற்றைக் கற்பிப்பது மக்கள் கரையிலேயே வாழ்வதை ஏற்றுக்கொண்ட கல்வி. 'இங்கே வாழாதே' என்பதை மட்டும் சொல்வது அதனின்று வேறானது.

2012 ஏப்ரல் 11 பிற்பகலில் சுமத்திராவுக்கு மேற்கே 8.6 அளவிலும் பின்னர் 8.2 அளவிலும் நடுக்கங்கள் நிகழ்ந்தன. சென்னை ஆடியது, அலுவலகங்கள் காலியாயின, மெரினாவிலிருந்து மக்கள் வெளியேற்றப்பட்டனர். எட்டாண்டுகளில் பாடம் பதிந்திருந்தது. ஆனால் பேரலை வரவில்லை. அங்குப் பாறைத் திட்டுகள் பக்கவாட்டில் நகர்ந்தன. கடற்றரை பெரிதும் மேலெழவில்லை. எல்லா நடுக்கமும் பேரலையைத் தருவதில்லை, எனினும் ஒவ்வொரு நீண்ட அசைவின்போதும் கரையை விட்டு அகல்வதே முறை என்ற இரண்டாம் படிநிலைப் பாடத்திற்கு அந்நாள் நல்ல தொடக்கமாக இருந்திருக்கலாம். 'வராத சுனாமி' என்றே அது பேசப்பட்டு மறைந்தது.

கற்பிக்கப்படாத மற்றொரு நடுக்கம்

தென்னிந்தியத் தீபகற்பம் அசையாத பழம்பாறை நிலம் என்ற எண்ணம் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் நிலவியது. 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர்ப் பகுதியில் நிகழ்ந்த ஏறத்தாழ 6 அளவிலான நடுக்கம் அதற்கு விதிவிலக்காகக் கருதப்பட்டது. 1967இல் கொய்னாவும் 1993இல் லாத்தூரும் அவ்வெண்ணத்தை அசைத்தன. 2001 செப்டம்பர் 25 இரவு புதுச்சேரிக்கு அப்பால் கடலில் 5.5 அளவை ஒட்டிய நடுக்கம் ஏற்பட்டபோது சென்னை மக்கள் தெருவுக்கு ஓடி வந்தனர்.

கட்டடங்களுக்கான நிலநடுக்க விதித்தொகுப்பான இந்தியத் தரம் 1893 முதன்முதலில் 1962இல் வெளியானது. அதன் 2002ஆம் ஆண்டுப் பதிப்பு சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தியது. வடிவமைப்பில் கொள்ள வேண்டிய மண்டலக் காரணி இவ்விரண்டுக்கும் முறையே 0.10, 0.16 ஆகும். ஒரு கட்டடம் தாங்க வேண்டிய பக்கவாட்டு விசை ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கு மேல் உயர்ந்தது என்பதே இதன் பொருள். நகரின் ஒவ்வொரு வீட்டையும் தொடும் இம்மாற்றம், ஆழிப்பேரலை போல மக்கள் பேச்சில் இடம்பெறவில்லை. அதற்கு முன் கட்டப்பட்ட வீடுகளைப் புதிய விதி தானாக வலுப்படுத்திவிடவும் இல்லை.

சாந்தோம், மந்தைவெளி, இராஜா அண்ணாமலைபுரம் ஆகிய பகுதிகளில் தனி வீடுகள் அடுக்குமாடிகளாக மாறியபோது, தரைத்தளத்தைச் சுவரின்றித் தூண்களோடு வாகன நிறுத்தத்துக்கு விடும் முறை பரவலாயிற்று. மேல்தளங்கள் செங்கற் சுவர்களால் விறைத்து நிற்க, கீழ்த்தளம் மட்டும் தளர்ந்து நிற்கும் அமைப்பு இது. நடுக்கத்தின்போது அசைவு முழுவதும் அத்தூண்களில் குவிகிறது. 2001 ஜனவரி 26 அன்று பூஜ் நடுக்கத்தின் மையத்திலிருந்து 200 கி.மீ.க்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் இத்தகைய அடுக்குமாடிகள் பல இடிந்தன. மென்மையான படிவுமண் அதிர்வைப் பெருக்கும். நீர் நிறைந்த தளர்மணல் நடுக்கத்தின்போது கூழ்போல் நெகிழ்ந்து தாங்குதிறனை இழக்கும். கடற்கரை மணலில் எழும் கட்டடங்களுக்கு இவை ஏட்டுச் செய்திகளல்ல.

இவ்வறிவைக் கற்பிக்கும் முயற்சிகள் இந்தியாவில் இல்லாமல் இல்லை. ரூர்க்கியில் நிலநடுக்கப் பொறியியல் பள்ளி 1960இல் தொடங்கப்பட்டது. பூஜ் நடுக்கத்துக்குப் பின் மத்திய அரசின் தேசிய நிலநடுக்கப் பொறியியல் கல்வித் திட்டம், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் உட்பட எட்டு நிறுவனங்களின் வழியே பொறியியல் கல்லூரி ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தது. தரமணியிலுள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம் கட்டட உறுப்புகளின் நடுக்கத் தாங்குதிறனைச் சோதித்து வருகிறது.

ஆயினும் சாந்தோமில் ஒரு தூணின் வலிமையை முடிவு செய்பவர் பெரும்பாலும் கம்பி கட்டும் தொழிலாளி. தூணைச் சுற்றிக் கட்டும் வளையக் கம்பியின் முனையை 135 பாகைக்கு உள்நோக்கி மடக்க வேண்டும் என்பது 1993 முதல் நெகிழ்திறன் விதித்தொகுப்பு கூறும் நெறி. வெறும் 90 பாகையில் மடக்கினால் நடுக்கத்தின்போது வளையம் விரிந்து, உள்ளிருக்கும் கம்பிகள் வெளிப்பிதுங்கும். இரண்டுக்கும் செலவு வேறுபாடு மிகச் சிறிது, வேறுபாடு அறிவில்தான். கொத்தனாரும் மேஸ்திரியும் கம்பி வேலை செய்வோரும் தொழிலை வகுப்பறையில் கற்பதில்லை. மூத்தவரிடம் வேலையோடு கற்கின்றனர். மீனவர் அறிவு போன்றே இதுவும் அனுபவ வழிக் கல்வி. சென்னையில் ஒரு கட்டடமேனும் நடுக்கத்தில் இடிந்து அவர்கள் பார்த்ததில்லை. 1881இன் சிக்கல் இங்கே மறுவடிவில் திரும்புகிறது.

பாடநூல்களில் நிலநடுக்கம்

மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2003ஆம் ஆண்டில் எட்டாம் வகுப்பிலிருந்து பேரிடர் மேலாண்மையைப் படிப்படியாகப் பாடத்தில் சேர்த்தது. சென்னை மாணவரில் பெரும்பாலோர் பயின்ற மாநிலப் பாடத்திட்டத்தில், 2018இல் அறிமுகமான ஒன்பதாம் வகுப்புச் சமூக அறிவியல் நூல், நிலக்கோளப் பாடத்தில் நிலநடுக்கத்தையும் ஆழிப்பேரலையையும் அடுத்தடுத்து விளக்குகிறது. பேரிடர் மேலாண்மைக்கும் தனிப்பாடம் உண்டு. நிலநடுக்கமும் கடல் எழுச்சியும் ஒரே காரணத் தொடரில் தமிழில் மாணவரை அடைந்தன என்ற வகையில் இது வரலாற்றுச் சிறப்புடையது.

பாடநூல் மாநிலம் முழுமைக்கும் பொதுவானது. இடர் இடத்திற்கு இடம் மாறுவது. சாந்தோம் பள்ளி மாணவருக்கு வேண்டியது இரண்டு அசைவுகளைப் பிரித்தறியும் திறன். மெதுவாக, நெடுநேரம், மேல்மாடிகளில் கூடுதலாக உணரப்படும் ஊசலாட்டம் தொலைதூரப் பெருநடுக்கத்தின் அடையாளம். அப்போது கரையை விட்டு அகல வேண்டும், அல்லது உறுதியான கட்டடத்தின் மேல்தளத்துக்கு ஏற வேண்டும். திடீரெனக் குலுக்கிச் சில நொடிகளில் முடியும் அதிர்வு அருகில் நிகழ்ந்த நடுக்கத்தின் அடையாளம். அப்போது உறுதியான மேசைக்கு அடியில் குனிந்து, தலையை மறைத்து, பற்றிக்கொள்ள வேண்டும். இவ்விரு நடத்தைகளும் எதிரெதிரானவை. ஒன்றின் இடத்தில் மற்றொன்றைச் செய்தால் பாடமே தீங்காகும்.

முடிவுரை

சாந்தோமை முன்வைத்துப் பார்க்கும்போது மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, சென்னைக் கரைக்கான ஆழிப்பேரலை அறிவு 2004இல் பிறந்ததன்று. 1881–1884 காலத்திலேயே கருவியிலும் அச்சிலும் இருந்தது. 123 ஆண்டுகள் அது ஆங்கிலத்தில், துறை அறிக்கைகளுக்குள் தங்கிவிட்டது. இரண்டாவது, நிலநடுக்கக் கல்வி கடைசியாக நேர்ந்த அழிவையே பின்தொடர்கிறது. பூஜ் கட்டடத்தைக் கற்பித்தது, ஆழிப்பேரலை கடலைக் கற்பித்தது. இரண்டும் ஒரே கரையில் இணைத்துக் கற்பிக்கப்படவில்லை. மூன்றாவது, இடர் பற்றிய அறிவு அதிகாரத்தோடு பிணைந்தது. அது மக்களைக் காக்கவும் பயன்படும், அகற்றவும் பயன்படும்.

1881இன் ஓத வரைபடமும், 2002இன் மண்டல வரைபடமும் ஒரே வகைச் சான்றுகள். இரண்டும் அழிவு நிகழும் முன்னரே கையில் கிடைத்தவை. முதலாவது மக்கள் மொழியில் பாடமாகாமல் போனதன் விலை அறியப்பட்டுவிட்டது. இரண்டாவதைக் கம்பி கட்டுவோருக்கும் வீடு வாங்குவோருக்கும் வாரியக் குடியிருப்புகளில் வாழ்வோருக்கும் தமிழில் கொண்டுசெல்வதற்கு இன்னும் காலம் இருக்கிறது.